உலகம்மையின் பழ ஐஸும் என் எண்ணெய்க் கையும்

உலகம்மை என் வீட்டுக்காரி. கடையத்துக்காரி. கட்டிக்கிட்டு குற்றாலம் வந்து இருபத்தாறு வருசம் ஆகுது. அவளைப் பத்தி நாலு நல்ல வார்த்தை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை. சொல்லாமல் விட்டது மட்டும் என்றால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அவள் செய்த பழ ஐஸைக் கெடுத்தது நான். அந்தப் பழி வேறொரு பொம்பளை தலையில் விழும்போது வாயை மூடிக்கொண்டு நின்றதும் நான்தான்.

எனக்கு எண்ணெய் தேய்க்கிற வேலை. பெயர் தளவாய். அருவிப் பக்கத்தில் எண்ணெய் கூடாது என்று உத்தரவு வந்த பிறகு, ஐந்தருவி ரோட்டில் ஒரு தகர ஷெட்டில் நானும் நல்லதம்பியும் பலகை போட்டிருக்கிறோம். சீசன் மூன்று மாசம், பிறகு ஐயப்ப சாமிமார் வருகிற இரண்டு மாசம். அவ்வளவுதான் எங்கள் வருசம். மீதி மாசமெல்லாம் வீட்டை ஓட்டினது உலகம்மை. ஒரு லாட்ஜில் அறை பெருக்கி, விரிப்பு துவைத்து ஓட்டினாள். இதையும் நான் வெளியே சொன்னதில்லை. ஷெட்டில் பேச்சு வந்தால், "அவ சும்மா இருக்கப் பிடிக்காம போறா" என்பேன்.

அவள் அஞ்சு பிள்ளைகளில் மூத்தவள். ஒரு மாம்பழத்தை நாலாக அறுத்துக் கொடுத்துவிட்டுக் கொட்டையைச் சப்பி வளர்ந்தவள். பழம் வீணாவதை அவளால் பார்க்க முடியாது. லாட்ஜில் தங்குகிறவர்கள் ஆசைக்குப் பை பையாக வாங்குவார்கள், ஊருக்குக் கிளம்பும்போது வண்டியில் இடமில்லை என்று அறையிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். அதையெல்லாம் வீட்டுக்குத் தூக்கி வருவாள். இரண்டு பேர் எவ்வளவு தின்ன முடியும்? மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

நாலு வருசத்துக்கு முன்னால் லாட்ஜில் புது பிரிட்ஜ் வாங்கினார்கள். பழையதை மேனேஜர் விஸ்வநாதன் சார் உலகம்மைக்குக் கொடுத்தார். கதவு சரியாகச் சாத்தாது. சைக்கிள் ட்யூப்பை அறுத்து ஒரு சுற்றுச் சுற்றி மாட்டி வைத்தாள். அதற்குப் பிறகு பழம் எதுவும் வீணாகவில்லை.

மாம்பழம் என்றால் வழித்து எடுத்து, மிக்சியில் ஒரு சுற்று, கொஞ்சம் சீனி, பாதி எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு. அகலமான எவர்சில்வர் டப்பாவில் இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்றி மேல் பெட்டியில் வைப்பாள். முக்கால் மணிக்கு ஒரு தடவை எடுத்து முள்கரண்டியால் கிளறுவாள். "கிளறாம விட்டா செங்கல்லு. கிளறிட்டே இருந்தா துருவின தேங்கா மாதிரி நிக்கும்" என்பாள். ஏத்தம்பழத்தை, அதாவது நேந்திரம்பழத்தை, வட்ட வட்டமாக நறுக்கி உறைய வைத்து, கல்லாக இருக்கும்போதே மிக்சியில் போடுவாள். ஒரு சொட்டுப் பால் கிடையாது, பால் ஐஸ் மாதிரி வரும். பலாச்சுளைக்குத் தேங்காய்ப்பால். யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. கெடுத்துக் கெடுத்துப் பழகினாள். முதல் மூன்று தடவையும் செங்கல்லாகத்தான் வந்தது. நான் பக்கத்தில் நின்று சிரித்தேன்.

லாட்ஜில் மிச்சம் விழுகிற பழம் போதாமல் ஆனபோது பாத்திமுத்துதான் பழம் கொடுத்தாள். கார் நிறுத்துகிற இடத்துக்கு எதிரில் அவளுக்குக் கடை. முன்னால் பழம், பின்னால் மூலையில் தைலம், மூலிகை எண்ணெய். நானும் எண்ணெய் அங்கேதான் வாங்குவேன். அன்றைக்கே தீர்க்க வேண்டிய கனிந்த பழத்தையெல்லாம் ஒரு கூடையில் போட்டு, அதே பின் மூலையில் உலகம்மைக்கு எடுத்து வைப்பாள். இரண்டு பேருக்கும் பதினைந்து வருசப் பழக்கம். அக்கா முறை வைத்து உலகம்மை அவளை ராத்தா என்றுதான் கூப்பிடுவாள். உலகம்மை டைபாய்டில் கிடந்த வருசம் பதினோரு நாள் கஞ்சி காய்ச்சிக் கொண்டு வந்தவள் பாத்திமுத்து. நான் சீசன் என்று சொல்லி ஷெட்டில் கிடந்தேன்.

ஐஸை லாட்ஜில் கொடுத்துப் பார்க்கப் போகிறேன் என்று உலகம்மை சொன்னது அந்தக் கடை முன்னால் வைத்துத்தான். நல்லதம்பியும் நின்றான், பழம் வாங்க வந்த நாலைந்து பேரும் நின்றார்கள். நான் சத்தமாகச் சொன்னேன்:

"குளுந்த தண்ணியில நிக்கதுக்குத்தான் சனம் இங்கன வருது. வெடவெடன்னு நடுங்கிட்டு வாரவன்கிட்ட ஐஸ் விக்கப் போறாளாம். இந்தச் சவத்தை ஒருநாளும் என் நாக்குல வைக்க மாட்டேன், பாத்துக்கோ."

பாத்திமுத்து பழத்தைத் துடைத்தபடியே சொன்னாள்: "ஏன் அண்ணாச்சி, நடுங்கிட்டு வாரவன்கிட்ட நீங்க சட்டையைக் கழட்டச் சொல்லலையா? அதைவிடவா ஐஸு?"

எல்லாரும் சிரித்தார்கள். உலகம்மையும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தச் சிரிப்பு எனக்கு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது.

லாட்ஜில் முதலில் ஆறு கிண்ணம் கேட்டார்கள். பிறகு பன்னிரண்டு. இந்த சீசனில் இருபது. அருவியில் குளித்துவிட்டுச் சுடச்சுடச் சாப்பிட்ட வாய்க்கு அது பிடித்திருக்கிறது, எனக்கென்ன தெரியும். ஒருநாள் விஸ்வநாதன் சார் தங்க வந்தவர்களிடம் என்னைக் காட்டி, "இவர் நம்ம உலகம்மை வீட்டுக்காரர்" என்றார். முப்பது வருசமாக இந்த ஊரில் நான் தளவாய். தளவாய் கை பட்டால் இடுப்புப் பிடிப்பு விட்டுப்போகும் என்று தேடி வருவார்கள். அன்றைக்கு அவள் பெயரைச் சொல்லி என்னை அடையாளம் காட்டினார்கள்.

ஜூன் கடைசி என்று நினைக்கிறேன். மத்தியானம் சோறு தின்ன வீட்டுக்கு வந்தேன். அவள் லாட்ஜில் இருந்தாள். மணிக்கட்டு பிசகி வலித்தது. ஐஸ்கட்டி வைக்கலாம் என்று ட்யூப்பைக் கழற்றி மேல் பெட்டியைத் திறந்தால் மாம்பழ டப்பா. மூடியைத் தூக்கினேன். ஓரத்தில் ஒரு விரல் வழித்து வாயில் போட்டேன்.

என்ன சொல்ல. பழத்தைவிடப் பழமாக இருந்தது. தொண்டையில் இறங்கி நெஞ்சு வரைக்கும் போனது தெரிந்தது. இன்னொரு விரல். இன்னொன்று. பிறகு பார்த்தால் ஓரத்தில் பள்ளம். தெரிந்துவிடுமே என்று, முதுகில் எண்ணெயைப் பரத்துகிற மாதிரி உள்ளங்கையை வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். மட்டமாகிவிட்டது. என் கை அந்த வேலையில் சுத்தம்.

அடுத்த நாளும் வந்தேன். அதற்கடுத்த நாளும். "உலகு, ஒரு கிண்ணம் தாட்டி" என்று கேட்டிருந்தால் நிறைய வைத்துத் தந்திருப்பாள், சந்தோசப்பட்டிருப்பாள். கேட்க வாய் வரவில்லை. கடை முன்னால் அத்தனை பேர் கேட்கச் சொன்ன சொல் குறுக்கே நின்றது. திருடித் தின்பது அதைவிடச் சுலபமாக இருந்தது.

என் எண்ணெயில் கற்பூரத் தைலமும் பச்சிலையும் சேரும். சோப்புப் போட்டுத்தான் சோறு தின்பேன், ஆனாலும் அந்த வாசம் கையை விட்டுப் போகாது என்று வெளியாட்கள் சொல்வார்கள். எனக்குத் தெரியாது. என் மூக்குக்கு அது எப்போதோ செத்துவிட்டது. உலகம்மைக்கும் அப்படித்தான். இருபத்தாறு வருசம் என் துண்டையும் கைலியையும் துவைத்தவள்.

பத்து நாள் போயிருக்கும். லாட்ஜிலிருந்து அவள் முகம் செத்துப்போய் வந்தாள். கொல்லத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் கிண்ணத்தை அப்படியே திருப்பிக் கொடுத்ததாம். ஐஸில் மூட்டுவலித் தைல வாசம் அடிக்கிறதாம். மறுநாள் இன்னும் இரண்டு அறையில் அதையே சொன்னார்கள்.

"ரெண்டு நாள் பாக்குதேன் உலகம்மை. சரியாகலைன்னா நிறுத்திருவோம்" என்றார் மேனேஜர்.

அவள் பட்ட பாட்டை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், மத்தியானம் வந்து தின்பதையும் விடவில்லை. பிரிட்ஜைக் காலி செய்து சோடா உப்புப் போட்டுத் தேய்த்தாள். டப்பாக்களைக் கொதிக்க வைத்தாள். மிக்சி ஜாரை எலுமிச்சைத் தோலால் தேய்த்தாள். தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டாள். வறண்ட தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வேலை செய்தாள். டப்பாவைத் தூக்கித் தூக்கி மோந்து பார்ப்பாள்.

"எனக்கு மாம்பழம்தான் தெரியுது. நீரு மோந்து பாருமே."

மோந்தேன். எனக்கும் மாம்பழம்தான். "ஒண்ணும் இல்லட்டி. அவனுவளுக்குக் கொழுப்பு" என்றேன். அதுவரைக்கும் சத்தியமாக எனக்குத் தெரியாது. அதுவரைக்கும்தான்.

அன்று சாயங்காலம் பாத்திமுத்து பழக்கூடையோடு வந்தாள். உலகம்மை டப்பாவை அவள் மூக்குக்கு நேரே நீட்டினாள். பாத்திமுத்து ஒரு தடவை மோந்தாள், கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்தாள்.

"தைலம்தான்ட்டி. கற்பூரத் தைலம். கரையக் கரையத் தெரியுதே."

நான் வாசல்படியில் நின்று துண்டில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த கை அப்படியே நின்றது. எனக்குப் புரிந்துவிட்டது.

ஆனால் உலகம்மை என்னைப் பார்க்கவில்லை. கூடையைப் பார்த்தாள். "உன் கடையிலதான ராத்தா தைலம் இருக்கு" என்று பைய சொன்னாள்.

"இருக்கு. அதுக்கு?"

"நான் எல்லாத்தையும் கழுவிட்டேன். தலைக்குக்கூட எண்ணெய் வைக்கலை. பழம் ஒண்ணுதான் வெளிய இருந்து வருது."

"ஏட்டி, என் பழத்துல எண்ணெய் இருந்தா வாங்குத அத்தன பேரும் என் மூஞ்சியில எறிஞ்சிருப்பானுவளே!"

"அவனுவ தோலை உரிச்சுத் திங்கானுவ. நான் வழிச்சு அரைக்கேன். அதுல ஏறிருக்கும். கூடையைக் கேனுக்குப் பக்கத்துல வச்சா ஏறாதா?" சொல்லிக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். "நீரு தெனம் போறீரே, நீரு சொல்லும். கூடையும் எண்ணெய்க் கேனும் ஒரே மூலையிலதான இருக்கு?"

"ஆமா, பக்கத்துல பக்கத்துலதான் இருக்கு" என்றேன்.

அது பொய் இல்லை. அதுதான் கேவலம்.

பாத்திமுத்து என்னைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. "பதினஞ்சு வருசம்ட்டி. உனக்கு வைக்குத கூடையில ஒரு கறுத்த பழம் போட்டதில்லை. அல்லா பாத்துட்டு இருக்கான்" என்று கூடையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிலிருந்து நான் டப்பாவைத் தொடவில்லை. உலகம்மை தினமும் முதல் பஸ்ஸில் தென்காசி மார்க்கெட்டுக்குப் போய்ப் பழம் வாங்கி வந்தாள். இரண்டே நாளில் வாசம் போய்விட்டது. லாட்ஜில் மறுபடி இருபது கிண்ணம்.

"பாத்தீரா? பழத்தை மாத்தினேன், போயிருச்சு" என்றாள் என்னிடம். லாட்ஜில் சொன்னாள். குழாயடியில் சொன்னாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். கண்ணால் பார்த்ததைத்தானே சொன்னாள். நான் திருட்டை நிறுத்தினதுதான் பாத்திமுத்துவுக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

ஒரு வாரம் கழித்து ஷெட்டில் வைத்து நல்லதம்பி சொன்னான்: "கேட்டியா வே, ஜூஸ் கடை பெஞ்சமின் இனிமே பாத்திமுத்து அக்காட்ட பழம் எடுக்க மாட்டானாம். எண்ணெய் ஏறிருக்காம்லா. ஒம் பொண்டாட்டிதான் கண்டுபிடிச்சாளாம். கெட்டிக்காரிதான்."

ஒருத்தர் முதுகில் கையை வைத்திருந்தேன். அவர், "என்ன அண்ணாச்சி, நிறுத்திட்டீங்க?" என்று கேட்டார்.

பெஞ்சமின்தான் பாத்திமுத்துவிடம் அதிகமாகப் பழம் எடுக்கிறவன். எனக்கு என்னென்னவோ யோசனை வந்தது. மறுபடியும் டப்பாவில் கையை வைத்தால் வாசம் வரும், பாத்திமுத்து தப்பித்துவிடுவாள், உலகம்மை பிழைப்பு போகும். இப்படிக்கூட யோசித்தேன். பெஞ்சமினிடம் வேறு ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்று யோசித்தேன். வாயைத் திறந்து உண்மையைச் சொல்வதைத் தவிர மற்ற எல்லா யோசனையும் வந்தது.

எண்ணெய் தீர்ந்துவிட்டது. பாத்திமுத்து கடைக்குப் போக வேண்டியதாயிற்று. சாரல் விழுந்துகொண்டிருந்தது. எண்ணெய்க் கேன், தைலப் பாட்டில் எல்லாவற்றையும் கடைக்கு வெளியே தூக்கி வைத்து ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடியிருந்தாள். கடைக்குள்ளே பழம் மட்டும். கால்வாசிகூட விற்கவில்லை, நாவல்பழத்தில் ஈ உட்கார்ந்திருந்தது. குனிந்து, நனைந்துகொண்டே எனக்கு எண்ணெய் ஊற்றினாள். பிறகு கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டா? நெசமாவே என் கூடையில வாசம் இருந்துச்சா? உலகு ஐஸுல எனக்கே தெரிஞ்சுச்சு. கூடையை மோந்து மோந்து பாக்குதேன், ஒண்ணும் தெரிய மாட்டேங்கு. எங்க தப்புப் பண்ணினேன்னு புரியலை."

தப்பே செய்யாதவள் தன் தப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அங்கேயே சொல்லியிருக்கலாம். அப்போதும் சொல்லவில்லை. பாட்டிலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஷெட்டுக்குத் திரும்பவில்லை. நேரே வீட்டுக்கு நடந்தேன்.

உலகம்மை தரையில் உட்கார்ந்து டப்பாவைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, அந்த வாசம் பாத்திமுத்து கூடையில இருந்து வரலை."

"பெறவு எங்கன இருந்து வந்துச்சாம்?"

"என் கையில இருந்து."

"உம்ம கை எதுக்கு என் டப்பாவுக்குள்ள வருது?"

"தின்னேன்."

"யாரு தின்னா?"

"நான்தான்ட்டி. தெனமும் மத்தியானம் வந்து தின்னேன்."

முள்கரண்டியைக் கீழே வைத்தாள். முதலில் அவளுக்குச் சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது. "நீரா? ஊரைக் கூட்டி வச்சு நாக்குல வைக்க மாட்டேன்னு சொன்ன ஆளா? பொய் சொல்லாதீரும். தோண்டித் தின்னா டப்பா எனக்குக் காட்டிக் குடுக்காதா? மட்டமாத்தான இருந்துச்சு."

"தடவி விட்டேன்."

"எப்படி? காட்டும்."

காட்டினேன். அவள் கண் முன்னால், அவள் கிளறி வைத்திருந்த மாம்பழத்தின் மேல் உள்ளங்கையை வைத்து இழுத்தேன். கை போன தடம் பளபளவென்று நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது.

"அன்னைக்கு ராத்தா இந்த இடத்துல நின்னு கண்ணைக் கசக்கினாளே. அப்போ உமக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. டப்பாவை மூடி என் கையில் கொடுத்தாள். "எடுத்துட்டு வாரும்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

குடையும் இல்லாமல் சாரலில் அவள் முன்னே, டப்பாவோடு நான் பின்னே. கடையில் நாலு பேர் நின்றார்கள். உலகம்மை டப்பாவைத் திறந்து பாத்திமுத்துவிடம் நீட்டினாள்.

"மோந்து பாரு ராத்தா. தென்காசியில வாங்கின பழம்."

பாத்திமுத்து மோந்தாள். முகம் மாறியது.

"சொல்லும்" என்றாள் உலகம்மை என்னிடம்.

சொன்னேன். நாலு பேர் கேட்கத்தான் சொன்னேன். தின்றதைச் சொன்னேன், தடவினதைச் சொன்னேன், தெரிந்தே ஆமா போட்டதையும் சொன்னேன். நின்றவர்களில் ஒருத்தர் சிரித்துவிட்டார். பாத்திமுத்து சிரிக்கவில்லை.

"தின்னா என்ன அண்ணாச்சி, உங்க வீட்டுச் சாமான். இவ என்னைக் கேட்டதுகூட ஆத்திரத்துல கேட்டா. நீங்க தெரிஞ்சுட்டே ஆமான்னிய. இப்போ ஒரு நாழிக்கு முன்னாலகூட நான் வாய்விட்டுக் கேட்டேன். பாட்டிலை வாங்கிட்டுப் போனிய." அதற்கு மேல் என்னைப் பார்க்கவில்லை. "போங்க, ரெண்டு பேரும் போங்க. யாவார நேரம்."

உலகம்மை விடவில்லை. தான் எங்கெல்லாம் பாத்திமுத்துவைப் பற்றிச் சொன்னாளோ அங்கெல்லாம் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். பெஞ்சமின் கேட்டுவிட்டு, "எண்ணெய் ஐஸ் தளவாய்" என்று அங்கேயே பெயர் வைத்தான். குழாயடியில் பொம்பளைகள் முன்னால் சொன்னேன். கடைசியாக லாட்ஜ். வாசலில் நின்று, "இங்க சொல்ல வேண்டாம்ட்டி. பழத்து மேலதான சொல்லிருக்கே, அப்படியே இருக்கட்டும். சொன்னா உன் யாவாரம் போயிரும்" என்றேன்.

"போனாப் போகட்டும். அவ பேரு இங்கயும் கெட்டுக் கெடக்கு" என்று உள்ளே போனாள்.

விஸ்வநாதன் சார் நல்ல மனுசன். முழுக்கக் கேட்டார். பிறகு, "தங்க வாரவங்களுக்குக் குடுக்குத பொருளு உலகம்மை. வாயில வச்ச வெரலை மறுபடி உள்ள விட்டிருக்காரு. இதுக்குப் பெறவு நான் எடுக்க முடியாது" என்றார்.

"சரி சார்" என்றாள். அவ்வளவுதான். நாலு வருசமாகக் கெடுத்துப் பழகி, நின்று, கிளறி வளர்த்தது அந்த ஒரு வார்த்தையில் போனது.

நாலாம் நாள் பாத்திமுத்து வீட்டுக்கு வந்தாள். நான் முற்றத்தில் இருந்தேன். என்னைத் தாண்டி உள்ளே போனாள்.

"லாட்ஜு நிறுத்திட்டானாம்லா?"

"ஆமா ராத்தா."

"நீ எதுக்குட்டி அங்கன போயும் சொன்னே? கூறு கெட்டவளே."

"சொல்லணும்லா."

உலகம்மை மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு பாத்திமுத்து குரல்: "அழாத. ஒரு மாசம் எனக்கும் வெறியாத்தான் இருக்கும், அப்போ அப்போ ஏசுவேன், வாங்கிக்கோ. டப்பாவெல்லாம் எடு. என் வீட்டு பிரிட்ஜ் சும்மாதான் கெடக்கு. அங்கன வச்சுச் செய். கடை வாசல்ல வச்சு விப்போம். இந்த வீட்டுல இனி ஒரு பழத்தை உரிக்காத."

உலகம்மை எழுந்து டப்பாக்களை அடுக்குகிற சத்தம் கேட்டது.

டப்பா, மிக்சி, முள்கரண்டி எல்லாவற்றையும் எடுத்து வைத்தார்கள். சுமை அதிகமாக இருந்தது. நான் எழுந்து போய் மிக்சியைத் தூக்கக் கையை நீட்டினேன்.

"நீங்க தொடாதீங்க அண்ணாச்சி" என்றாள் பாத்திமுத்து. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

உலகம்மை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், குனிந்துகொண்டாள். நான் கையை இழுத்துக்கொண்டேன். முதல் நடைக்கு டப்பாக்களை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் சாரலில் இறங்கிப் போனார்கள். மிக்சி உள்ளே அப்படியே இருந்தது. காற்றில் கதவு வந்து வந்து அடித்தது. கையால் பிடிக்காமல் முதுகைக் கொடுத்து நிறுத்தி, அவர்கள் இரண்டாவது நடைக்குத் திரும்பி வரும் வரைக்கும் அப்படியே நின்றேன்.